டாக்டர் நோட்ஸை இன்சூரன்ஸ் க்ளைமுக்கான கோடாக மாற்றும் மெடிக்கல் கோடிங்கில், டாக்டர் "முகத்தில் ராஷ்" என்று மட்டும் எழுதியிருந்தால் ஆர்21 (வெறும் ராஷுக்கான கோட்) போட்டு முடித்துவிடலாமா?

நீங்கள் ஃப்ரெஷர், டார்கெட் கழுத்தைப் பிடிக்கிறது, ஆர்21 போட்டால் க்யூஏவில் (தரச் சோதனையில்) எரர் விழுமோ என்று பயம், அப்படித்தானே? போடலாம். அதற்கு மேல் டாக்டர் எதுவும் எழுதவில்லை என்றால் அதுதான் சரியான கோட். வெட்கப்பட வேண்டிய வேலையைச் செய்தது நான்.

சென்னையில் உட்கார்ந்து அமெரிக்க டெர்மடாலஜி அவுட்பேஷண்ட் சார்ட் பார்த்துக்கொண்டிருந்த இரண்டாம் வருடம். ஒரு இளம்பெண். இரண்டு கன்னத்திலும் மூக்குத்தண்டிலும் சிவப்பு, மூக்கோர மடிப்பில் மட்டும் இல்லை, லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் வியாதி) சந்தேகம், அதற்கான ஏஎன்ஏ ரத்த டெஸ்ட்டுக்கு எழுதியிருந்தார் டாக்டர். மடிப்பை விட்டுவைத்தால் லூபஸ் பக்கம், மடிப்பிலேயே செதில் இருந்தால் செபோரிக் டெர்மடைடிஸ் (ஒரு வகைத் தோல் அழற்சி) பக்கம் என்று அப்போதுதான் படித்திருந்தேன். அந்தத் தெம்பில் லூபஸுக்கான எம்32.9 போட்டு அனுப்பிவிட்டேன். க்யூஏ சாம்பிளில் அது சிக்கவில்லை.

சில வாரம் கழித்து அதே பெண்ணின் அடுத்த விசிட் என்னிடமே வந்தது. ஏஎன்ஏ நெகட்டிவ், லூபஸ் இல்லை, முகம் சிவக்கும் தோல் பிரச்சினையான ரோசேஷியா. கீழே டாக்டர் ஒரு வரி சேர்த்திருந்தார்: நோயாளிகள் தங்கள் ரெக்கார்டைப் பார்க்கும் போர்ட்டலில் லூபஸ் என்று பார்த்துவிட்டு அழுதுகொண்டே வந்தார் என்று. நானே டீம் லீடரிடம் போய்ச் சொன்னேன், க்ளைமைத் திருத்தி அனுப்பினார்கள். அந்த வரி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அவுட்பேஷண்டில் "சந்தேகம்", "இருக்கலாம்", "ரூல் அவுட்" (இல்லை என்று உறுதி செய்ய) என்று எழுதியதை வியாதியாகக் கோட் பண்ணக்கூடாது, அறிகுறியைத்தான் போட வேண்டும். அமெரிக்காவில் வியாதிகளுக்குப் போடும் கோட் தொகுப்பான ஐசிடி-10-சிஎம் கைட்லைனின் நான்காம் பிரிவிலேயே இது இருக்கிறது. இன்பேஷண்ட் (அட்மிட் ஆனவர்களின்) சார்ட் பார்ப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், உங்கள் விதி வேறு என்று எனக்கும் தெரியும்.

ஆனால் ஆர்21 போடுவதற்கு முன் நோட்ஸை முழுசாகப் படியுங்கள். வாயைச் சுற்றி என்று இருந்து டாக்டரே பெரியோரல் டெர்மடைடிஸ் என்று முடித்திருந்தால் எல்71.0. பேரில் டெர்மடைடிஸ் இருந்தாலும் அது ரோசேஷியா குடும்பத்தில்தான் இருக்கிறது, பல பேர் கோட்டை விடும் இடம். அது ஸ்டீராய்டு க்ரீமால் வந்தது என்றும் எழுதியிருந்தால் இரண்டாவதாக T49.0X5A (மருந்தின் பக்கவிளைவுக்கான கோட்) சேரும். மேக்கப் சாமானால் வந்த கான்டாக்ட் டெர்மடைடிஸ் என்றால் அலர்ஜிக்கு எல்23.2, எரிச்சலுக்கு எல்24.3, எது என்று சொல்லவில்லை என்றால் எல்25.0.

எம்.எஸ்சி மைக்ரோபயாலஜி படித்துவிட்டு இத்தனையும் பார்த்துச் செய்கிறேன், சொந்தக்காரர்கள் இன்னும் "டைப்பிங் வேலை" என்றுதான் சொல்கிறார்கள். அது என் வயிற்றெரிச்சல், விடுங்கள்.

சந்தேகம் இருந்தால் டாக்டருக்கு குவெரி (விளக்கம் கேட்கும் குறிப்பு) போடுங்கள், அதனால் அன்றைய சார்ட் கவுண்ட் குறைந்தாலும் பரவாயில்லை. அப்புறம், குவெரியில் "இது ரோசேஷியாவா?" என்று டாக்டருக்கு எடுத்துக்கொடுக்காதீர்கள், "இந்த ராஷுக்கு டயக்னோசிஸ் என்ன?" என்று மட்டும் கேளுங்கள்.