பிள்ளைகளோடு கரீபியனில் ஸ்கூபா: எந்தத் தீவுக்குப் போகலாம்?

கேள்வி: ஜூலையில் பள்ளி விடுமுறைக்குக் கரீபியன் போக நினைக்கிறோம். நான் ஸ்கூபா சான்றிதழ் வைத்திருக்கிறேன், ஆனால் பத்து வருடமாகத் தண்ணீரில் இறங்கவில்லை. பெண்ணுக்கு 11 வயது, பையனுக்கு 8. மனைவிக்கு நீச்சல் தெரியாது. பயமில்லாமல் நடமாடக்கூடிய, ஊர்க்காரர்கள் முகம் கொடுத்துப் பேசுகிற தீவாக ஒன்று சொல்லுங்கள்.

பொனேர். தயக்கமில்லாமல் சொல்லலாம்.

நீங்கள் ஜூலை என்றதுமே பாதித் தீவுகள் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டன. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அட்லாண்டிக் புயல் காலம். பொனேர், குராசோ, அரூபா மூன்றும் தென் அமெரிக்கக் கரையை ஒட்டிக் கீழே கிடப்பதால் புயல்களின் வழக்கமான பாதையில் அவை இல்லை. எதுவுமே வராது என்று நினைக்க வேண்டாம். 1999-இல் லென்னி புயலும் 2008-இல் ஓமார் புயலும் எழுப்பிய அலைகள் பொனேரின் மேற்குக் கரையை அடித்து நொறுக்கின. ஆனாலும் கிராண்ட் கேமனுக்கு ஜூலை, ஆகஸ்டில் பணம் கட்டிவிட்டு வானிலை வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

அடுத்தது காற்று. இங்கே ஏறக்குறைய ஆண்டு முழுவதும் கிழக்கிலிருந்தே வீசும். கிழக்குக் கரை கொந்தளிக்கும், மேற்குக் கரை குளம் போலக் கிடக்கும். டைவ் செய்யும் இடங்கள் பெரும்பாலும் அந்த மேற்குக் கரையில்தான். சாலையோரம் மஞ்சள் வண்ணம் பூசிய கல்லில் இடத்தின் பெயர் எழுதியிருக்கும். வண்டியை நிறுத்தி, சிலிண்டரை மாட்டி, நடந்தே கடலில் இறங்க வேண்டியதுதான். சில நிமிடம் நீந்தினால் பவளத்திட்டின் விளிம்பு வந்துவிடும். கரையைச் சுற்றி 60 மீட்டர் ஆழம் வரை முழுக் கடலும் 1979 முதல் பாதுகாக்கப்பட்ட கடல் பூங்கா. மீன்கள் ஆளைக் கண்டு ஓடுவதில்லை.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இந்தக் "கரையிலிருந்து இறங்குவது" ஏன் முக்கியம்? படகில் போனால், பத்தாவது நிமிடத்தில் "காது வலிக்குதுப்பா" என்று பிள்ளை சைகை காட்டும்போது, உடன் வந்த எட்டுப் பேரின் டைவும் அந்தப் பிள்ளையின் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கூச்சத்தில் வலியைச் சொல்லாமல் கீழே இறங்குகிற பிள்ளைக்குத்தான் செவிப்பறை அடிபடுகிறது. கரை டைவில் அந்தச் சிக்கல் இல்லை. திரும்பி நடந்து வந்து ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தால் கதை முடிந்தது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். பொனேரில் நீண்ட மணற்கரை கிடையாது. பெரும்பாலும் உடைந்த பவளக் கற்கள்தான். உங்கள் மனைவிக்கும் பையனுக்கும் தென்கிழக்கில் உள்ள லாக் விரிகுடா பொருந்தும். வெளியே இருக்கும் பவளத்திட்டு அலையைத் தடுப்பதால் அங்குள்ள சொரோபோன் கடற்கரைப் பக்கம் வெகுதூரம் இடுப்பளவுத் தண்ணீர்தான். மேற்குக் கரைக்கு எதிரே ஆளில்லாத குட்டித் தீவான க்ளைன் பொனேருக்கு வாட்டர் டாக்ஸி போகிறது. அங்கே நல்ல மணல் உண்டு.

"கடற்கரை, பெரிய ஹோட்டல், கடைத்தெரு இல்லாமல் என்ன விடுமுறை?" என்று வீட்டில் குரல் எழுந்தால் குராசோ. அங்கே கராகாஸ்பாயில் ஐந்து மீட்டர் ஆழத்தில் மூழ்கிக் கிடக்கும் சிறு இழுவைப் படகு, முதன்முதலில் இறங்கும் பிள்ளைக்கு அருமையான காட்சி. டைவ் செய்யாதவர்களுக்கு வில்லெம்ஸ்டாட் நகரமே ஒரு நாளுக்குப் போதும். ஏப்ரலில் போவதாக இருந்தால் கிராண்ட் கேமனையும் யோசிக்கலாம். செவன் மைல் பீச் இருக்கிறது, இடுப்பளவுத் தண்ணீரில் திருக்கை மீன்கள் காலைச் சுற்றி வரும். விலைதான் கண்ணைக் கட்டும். அங்கே எழுதியிருக்கும் ஒரு டாலர் கேமன் டாலராக இருந்தால் அமெரிக்கக் கணக்கில் 1.20. மெனு அட்டையில் பலர் ஏமாறுவது இங்கேதான். மெக்சிகோவின் கோசுமெல் உலகத்தரமான இடம். ஆனால் நீரோட்டம் இழுத்துக்கொண்டே போகும், அது பிள்ளைகள் பழகும் இடமல்ல.

கேள்வி: 11 வயதுப் பெண்ணுக்கு அங்கேயே சான்றிதழ் வாங்கிவிடலாமா? 8 வயதுப் பையனும் அடம்பிடிக்கிறான்.

பி.ஏ.டி.ஐ. (PADI) என்ற ஸ்கூபா பயிற்சி அமைப்பின் விதிப்படி 10 வயதிலிருந்து, சிறுவர்களுக்கான முதல் சான்றிதழான ஜூனியர் ஓப்பன் வாட்டர் படிக்கலாம். 10, 11 வயதுக்காரர்கள் 12 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. சான்றிதழ் பெற்ற பெற்றோர் அல்லது பாதுகாவலரோடு இறங்க வேண்டும், இல்லாவிட்டால் பயிற்றுநரோடு. 12 முதல் 14 வரை 18 மீட்டர். ஆகவே பொனேரின் புகழ்பெற்ற மூழ்கிய கப்பல் ஹில்மா ஹூக்கரை உங்கள் பெண்ணுக்கு இந்த முறை ஆசை காட்டாதீர்கள். அது 30 மீட்டர் ஆழத்தில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. அதன் மேல்விளிம்பே ஏறக்குறைய 18 மீட்டரில்தான்.

பையனுக்கு பபிள்மேக்கர் என்று ஓர் அறிமுக ஸ்கூபா அனுபவம் உண்டு. 8 வயது, அதிகபட்சம் இரண்டு மீட்டர் ஆழம், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அது போதும். மீதி நாளெல்லாம் ஸ்நார்க்கலிங்.

பெண்ணின் பாடத்தில் எழுத்துப் பகுதி, நீச்சல்குளப் பயிற்சி, கடலில் நான்கு டைவ் என்று மூன்று கட்டங்கள். மூன்றையும் தீவில் வைத்துக்கொண்டால் விடுமுறையில் மூன்று, நான்கு நாள் போய்விடும். முதல் இரண்டையும் உங்கள் ஊரிலேயே முடித்து, மீதியை வேறு இடத்தில் தொடர உதவும் ரெஃபரல் படிவம் வாங்கிக்கொண்டு போங்கள். 12 மாதம் செல்லும். கடல் டைவ் நான்கும் இரண்டு நாளில் முடியும். கடையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "ஒரு பயிற்றுநரிடம் எத்தனை பேர், அதில் 10, 11 வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர்?" கடல் டைவில் அந்த வயதுப் பிள்ளைகள் இருந்தால் மொத்தம் நான்கு பேருக்கு மேல் கூடாது, அவர்களில் இரண்டு பேருக்கு மேல் சிறுபிள்ளைகள் இருக்கக் கூடாது. கேட்டவுடன் எண்ணைச் சொல்லாமல் "கவலைப்படாதீங்க, பார்த்துக்கறோம்" என்று பதில் வந்தால் அடுத்த கடைக்கு எழுதுங்கள்.

டைவ் கடை கேட்கும் மருத்துவப் படிவத்தை ஊரிலேயே பாருங்கள். மேலே பத்துக் கேள்விகள் இருக்கும். ஆஸ்துமா, காது அறுவை, வலிப்பு போன்ற எதற்காவது "ஆம்" என்று வந்து, அதற்கான துணைக் கேள்விகளிலும் "ஆம்" விழுந்தால், மருத்துவர் கையெழுத்தில்லாமல் கடைக்காரர் தண்ணீரில் இறக்கமாட்டார். கவுன்டரில் நின்றுகொண்டு இதைக் கண்டுபிடிப்பவர்கள் நிறைய. அதற்காகப் பொய்யாக "இல்லை" போடுவது, அதுவும் பிள்ளைக்கு ஆஸ்துமா இருக்கும்போது, உயிரோடு விளையாடுவது.

காது விஷயம் தனி. பிள்ளைகளுக்கு நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் பெரியவர்களைவிடக் குறுகலாக, படுக்கை வாக்கில் இருக்கும், எளிதில் அடைத்துக்கொள்ளும். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி காதைச் சரிசெய்வதை வலி வந்த பிறகு செய்யக் கூடாது. தலை தண்ணீருக்குள் போனதுமே தொடங்கி, அரை மீட்டருக்கு ஒரு முறை செய்ய வேண்டும். கால் கீழே இருக்கும்படி, கயிறு பிடித்து இறங்க வேண்டும். சளி பிடித்திருந்தால் அன்று டைவ் இல்லை. மூக்கடைப்பு மாத்திரை கொடுத்து இறக்காதீர்கள். ஆழத்தில் மருந்தின் வேகம் இறங்கினால் மேலே வரும்போது காற்று உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

கேள்வி: "ரூம், வண்டி, அன்லிமிடெட் டைவிங்" என்று பேக்கேஜ் காட்டுகிறார்கள். வாங்கலாமா? எதை இங்கிருந்தே கொண்டுபோக வேண்டும்?

"அன்லிமிடெட்" என்பது சிலிண்டரில் நிரப்பும் காற்றுக்கு மட்டும். கூட வரும் வழிகாட்டிக்கும் படகுக்கும் தனிக் காசு. 11 வயதுப் பெண் ஒரு நாளைக்கு இரண்டு டைவுக்கு மேல் தாங்கமாட்டாள், தாங்கவும் வைக்கக் கூடாது. ஆகவே உங்கள் பெயரில் மட்டும் அன்லிமிடெட், பெண்ணுக்குத் தனித்தனி டைவாகக் கணக்கு, மனைவிக்கும் பையனுக்கும் டைவ் செய்யாதவர் விலை என்று பிரித்துக் கேளுங்கள். இணையதளத்தில் இல்லாத விலை மின்னஞ்சலில் வரும்.

வண்டி பெரும்பாலும் பிக்-அப். நால்வருக்கும் இருக்கை, பெல்ட் உள்ள டபுள் கேப் என்று எழுத்தில் வாங்குங்கள். சாவி எலெக்ட்ரானிக் பொத்தான் வைத்ததா என்றும் கேளுங்கள். டைவ் செய்யும்போது சாவி உங்கள் டைவ் ஜாக்கெட்டின் (காற்றை நிரப்பியும் விட்டும் மிதப்பைச் சரிசெய்யும் அங்கி) பையில்தான் போகும். உப்புத்தண்ணீர் பட்டால் அது செத்துவிடும், மாற்றுச் சாவியின் விலை உங்கள் தலையில்.

பிள்ளைக்குச் சிறிய சிலிண்டர் உண்டா என்பது அடுத்தது. வழக்கமான அலுமினியம் 80 (ஏறக்குறைய 80 கன அடிக் காற்று கொள்ளும் சிலிண்டர்) காலியாக இருக்கும்போதே சுமார் 14 கிலோ, நிரப்பினால் 17. அதை முதுகில் ஏற்றிக்கொண்டு கற்கள் மேல் ஒரு சிறுமி நடக்க முடியாது. தண்ணீருக்குள் வேறொரு தொல்லை: காற்று தீரத் தீர அந்தச் சிலிண்டர் மிதக்கத் தொடங்கும். டைவின் கடைசிப் பத்து நிமிடத்தில் பிள்ளை பலூன் போல மேலே போவது பெரும்பாலும் இதனால்தான். 50 அல்லது 63 கேளுங்கள். எந்த அளவானாலும் எடையை டைவின் முடிவில், 50 பார் அழுத்தத்தில் காற்று மீதி இருக்கும்போது சரிபார்ப்பதுதான் முறை. ஜாக்கெட்டில் காற்றே இல்லாமல் ஐந்து மீட்டரில் அசையாமல் நிற்க வர வேண்டும்.

மாஸ்க்கும், கெட்டி அடி வைத்த பூட்டும் இங்கிருந்தே வாங்குங்கள். மற்றவை வாடகைக்குக் கிடைக்கும். மாஸ்க்கைப் பட்டை மாட்டாமல் பிள்ளையின் முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சிழுக்கச் சொல்லுங்கள். கையை எடுத்தபின் விழாமல் ஒட்டி நின்றால் அளவு சரி. நெற்றி முடி ஓர் இழை உள்ளே போனாலும் ஒழுகும். புது மாஸ்க் கண்ணாடியின் உட்புறத்தைப் பற்பசையால் நாலைந்து முறை தேய்த்துக் கழுவாவிட்டால் நீருக்குள் பனி படிந்துகொண்டே இருக்கும்.

கையுறை வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். கடல் பூங்காவில் அதற்குத் தடை. கையுறை போட்டவர் பவளத்தைப் பிடித்துக்கொள்வார் என்பதே காரணம். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த சன்ஸ்கிரீன் விற்பனைக்கும் 2021 முதல் அங்கே தடை. முழுக்கைச் சட்டை போட்டுவிடுங்கள்.

தீவுக்குள் நுழையும் கட்டணம் 2022 ஜூலையிலிருந்து பெரியவர்களுக்கு 75 டாலர், 12 வயது வரை 10 டாலர். உங்கள் நால்வருக்கும் 170 ஆகிறது. இதை முன்பே ஆன்லைனில் கட்டலாம். கடலில் இறங்கத் தனியாக இயற்கைக் கட்டணம், 2023 முதல் 40 டாலர், அந்த நாட்காட்டி ஆண்டு முழுதும் செல்லும். பலர் இரண்டையும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். முதல் நாள் பூங்கா விதிகளைக் கேட்டு, ஒரு சோதனை டைவும் செய்தாக வேண்டும். பத்து வருட இடைவெளிக்குப் பிறகு உங்களுக்கு அது மட்டும் போதாது. ரெஃப்ரெஷர் என்ற நினைவூட்டல் பயிற்சி ஒன்றை எடுங்கள், மகளுக்குத் துணை நீங்கள்தான்.

கேள்வி: திருட்டு, மருத்துவமனை, இன்சூரன்ஸ்?

ஆளுக்கு ஆபத்து குறைவு. வண்டியிலிருந்து பொருள் போவதுதான் பொனேரின் பழைய தலைவலி. எல்லோரும் தண்ணீருக்குள் இருக்கும் ஐம்பது நிமிடம் திருடனுக்குத் தெரியும். பாஸ்போர்ட், போன், பணம் எல்லாம் அறை லாக்கரில். வண்டியில் துண்டும் தண்ணீர் பாட்டிலும் மட்டும். கதவைப் பூட்டாமல், கண்ணாடியை இறக்கியே விடுங்கள் என்று உள்ளூர்க்காரர்களே சொல்வார்கள். கண்ணாடி உடைந்து அதை மாற்றும் செலவாவது மிச்சமாகும்.

பொனேரின் தலைநகரான கிராலன்டைக்கில் மருத்துவமனையை ஒட்டியே அழுத்த அறை இருக்கிறது. டைவ் விபத்துக்கு அது வேண்டும், பல சிறு தீவுகளில் அது கிடையாது. சாதாரணப் பயண இன்சூரன்ஸில் "சாகச விளையாட்டு" என்ற பத்தியைத் தேடிப் படியுங்கள். பலவற்றில் ஸ்கூபா அங்கேதான் விலக்கப்பட்டிருக்கும். டான் (DAN) போன்ற டைவ் இன்சூரன்ஸை உங்கள் பெயரிலும் மகள் பெயரிலும் தனியாக எடுங்கள். வெனிசுவேலா ஏறக்குறைய 80 கி.மீ. தூரத்தில்தான். டிக்கெட் போடும் முன் உங்கள் நாட்டு அரசின் பயண எச்சரிக்கையை ஒரு முறை பாருங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: பொனேர் நெதர்லாந்தின் பகுதிதான், ஆனால் ஐரோப்பியப் பொது விசாப் பகுதியான ஷெங்கனுக்குள் இல்லை. விசா விதி தனி. மயாமி, ஹூஸ்டன் வழியாகப் போனால் அமெரிக்க விசாவும் வேண்டும்.

கேள்வி: கடைசி நாள் காலை ஒரு டைவ் போட்டுவிட்டு மாலை விமானம் ஏறலாமா?

கூடாது. பல நாள் தொடர்ந்து டைவ் செய்திருந்தால் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். 24 வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளை தெற்கே உப்பளத்துக்கு ஒதுக்குங்கள். பிளமிங்கோக்கள் அந்தப் பக்கம் இருக்கும், பையனுக்குப் பிடிக்கும்.