இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லையே, ஏன்?

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. இதயச் செயலிழப்புக்கு மருந்து சாப்பிடுகிறார். சிறுநீரகப் பாதிப்பும் உண்டு. போன மாதம் ‘ராமிப்ரில்’ என்ற இதய மாத்திரையின் அளவைக் கூட்டியதும் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.4-இலிருந்து 1.7 ஆகிவிட்டது. ஹீமோகுளோபின் 9.8. ஆறு மாதமாக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை. ரத்தம் ஏற்றலாமா? இதய மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: இரண்டும் இப்போதைக்கு வேண்டாம்.

முதலில் ரத்தசோகை. இதயமும் சிறுநீரகமும் பழுதுபட்டவர்களுக்கு ‘ஹெப்சிடின்’ என்ற ஹார்மோன் கூடிவிடும். அது குடல் வழியே இரும்பு உள்ளே வருவதைத் தடுக்கும். கிடங்கில் இருக்கும் இரும்பையும் வெளியே விடாது. மாத்திரை தோற்பது இதனால்தான். ஃபெரிட்டின் (கிடங்கில் உள்ள இரும்பைக் காட்டுவது), டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பது) இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஃபெரிட்டின் 180 என்றால் லேப் தாளில் ‘நார்மல்’ என்றுதான் இருக்கும். ஆனால் இதயச் செயலிழப்பில் 100-க்குக் கீழ் இருந்தாலோ, 100 முதல் 299 வரை இருந்து சாச்சுரேஷன் 20 சதவீதத்துக்குக் கீழ் இருந்தாலோ அது இரும்புக் குறைபாடே. அப்போது சிரை வழியே இரும்பு ஏற்றுவது பலன் தரும். ஒவ்வாமை வருகிறதா என்று ஏற்றிய பின் அரைமணி நேரம் அங்கேயே வைத்துக் கவனிப்பார்கள்.

இரும்பு எங்கே போகிறது என்பதையும் தேட வேண்டும். ஆஸ்பிரினோ ரத்த உறைவுத் தடுப்பு மருந்தோ சாப்பிட்டால் குடலில் கசிவு இருக்கலாம். இரும்பு மாத்திரையே மலத்தைக் கறுப்பாக்கும் என்பதால், நிறத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுபவர் என்றால் பி12 அளவும் பார்க்கவும். சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்டின் ஊசி, இரும்பை நிரப்பிய பிறகுதான், அதுவும் சிறுநீரக மருத்துவர் முடிவுசெய்தால். ஹீமோகுளோபினை 13 வரை துரத்தினால் ரத்தக்கட்டி, பக்கவாத ஆபத்து கூடும். ரத்தம் ஏற்றினால் ஒரு பை ஏறக்குறைய 300 மில்லி திரவம். பலவீனமான இதயத்துக்கு அதுவே மூச்சுத்திணறலைக் கொண்டுவரலாம். ரத்தப்போக்கோ, 7-8 அளவுக்கு இறக்கமோ இருந்தால் கதை வேறு.

இனி கிரியேட்டினின். உங்கள் அப்பாவுக்கு ஏறியிருப்பது சுமார் 21 சதவீதம். இவ்வகை மருந்தைக் கூட்டியபின் 30 சதவீதம் வரை ஏறுவதைப் பொதுவாக ஏற்றுக்கொள்கிறோம். ஒன்றிரண்டு வாரத்தில் கிரியேட்டினினோடு பொட்டாசியமும் பார்க்க வேண்டும்: 5.5-ஐத் தாண்டினால் அளவைக் குறைப்பார்கள், 6-ஐத் தாண்டினால் நிறுத்துவார்கள். உப்புக்குப் பதிலாக விற்கும் ‘லோ சோடியம்’ உப்பில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும், அதைத் தொடாதீர்கள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகைகளும் கூடாது. கிரியேட்டினினைக் கிடுகிடுவென ஏற்றுவது பல நேரம் அவைதான்.

தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன் எடை பார்த்துக் குறித்துவையுங்கள். இந்தக் குறிப்பு இல்லாமல் கிரியேட்டினினைப் படிப்பது கடினம். கால் வீங்கி, மூன்று நாளில் 2 கிலோ கூடியிருந்தால், சிறுநீரகத்தில் ரத்தம் தேங்கியே கிரியேட்டினின் ஏறியிருக்கலாம். அப்போது நீர் மாத்திரையைக் கூட்ட வேண்டியிருக்கும். எடை குறைந்து, எழுந்தால் தலைசுற்றினால் நீர் வறட்சி, குறைக்க வேண்டியிருக்கும். ஒரே 1.7, நேரெதிர் மருத்துவம். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் அன்றே மருத்துவரைக் கேளுங்கள். ராமிப்ரில், நீர் மாத்திரை போன்ற சிலவற்றைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்.