பெயரடையிலிருந்து வினையடை: ஆங்கில இலக்கணக் கேள்வி பதில்

கேள்வி: பெயரடையின் இறுதியில் ‘லி’ சேர்த்தால் வினையடை வந்துவிடும் என்கிறார்கள். எழுத்துகள் எங்கே மாறும்?

பதில்: ‘ஹாப்பி’ என்பதன் இறுதியிலுள்ள ‘ஒய்’, ‘ஹாப்பிலி’ ஆகும்போது ‘ஐ’ ஆக மாறும். ‘ட்ரூ’ தன் கடைசி ‘இ’யை இழந்து ‘ட்ரூலி’ ஆகும், ‘சேஃப்’ இழக்காது. ‘பேசிக்’ போல ‘ஐசி’யில் முடியும் சொற்களுக்கு இடையில் ‘ஏஎல்’ சேர்க்க வேண்டும். உச்சரிப்பில் அது தெளிவாகக் கேட்காததால் எழுதும்போது பலர் விட்டுவிடுகிறார்கள். ‘பப்ளிக்’ இவ்விதிக்கு அடங்காது, அதற்கு ‘பப்ளிக்லி’தான்.

கேள்வி: ‘ஐ வொர்க்டு ஹார்ட்லி’ என்று வேலை விண்ணப்பத்தில் எழுதலாமா?

பதில்: எழுதினால் வேலை கிடைப்பது ஐயமே. கடுமையாக உழைத்ததைச் சொல்ல ‘ஐ வொர்க்டு ஹார்ட்’ என்றே எழுத வேண்டும். ‘ஹார்ட்லி’ என்பது ‘அநேகமாக இல்லை’ என்ற பொருளைத் தருவது. பழைய ஆங்கிலத்தில் பெயரடையோடு ‘எ’ என்ற உயிரொலியைச் சேர்த்தும் வினையடை ஆக்கினார்கள். காலப்போக்கில் அந்த இறுதி ஒலி தேய்ந்து மறைந்ததால், ‘ஹார்ட்’, ‘ஃபாஸ்ட்’ போன்றவை இரண்டு வேலைகளையும் ஒரே வடிவத்தில் செய்கின்றன. ‘லேட்’ தாமதமாக என்றும், ‘லேட்லி’ அண்மைக்காலமாக என்றும் பிரிந்ததையும் இத்துடன் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: ‘ஃப்ரெண்ட்லி’ வினையடை இல்லையா?

பதில்: இல்லை, பெயரடை. பழைய ஆங்கிலத்தில் ‘லிச்’ பெயரடைக்கும் ‘லிச்செ’ வினையடைக்கும் உரிய விகுதிகளாக இருந்து, பின்னர் இரண்டுமே ‘லி’ என்று குறுகிவிட்டன. ‘ஃப்ரெண்ட்லி’யை வினையடையாக்க ‘இன் எ ஃப்ரெண்ட்லி வே’ என்று விரித்து எழுதுவதே வழக்கம்.

கேள்வி: ‘தி சூப் ஸ்மெல்ஸ் குட்’ என்கிறார்களே, ‘வெல்’ அல்லவா வர வேண்டும்?

பதில்: ‘குழம்பு நன்றாக மணக்கிறது’ என்று ‘ஆக’ சேர்த்தே பேசிப் பழகிய நமக்கு இந்த ஐயம் எழுவது இயல்பு. ஆனால் ஆங்கிலத்தில் இங்கே ‘ஸ்மெல்ஸ்’ என்பது சூப்பின் செயலைக் குறிக்காமல், சூப்பையும் அதன் தன்மையையும் இணைக்க மட்டுமே வருகிறது. ஆகவே பெயரடையே பொருந்தும். ஐயம் வந்தால் அந்த வினைக்குப் பதிலாக ‘இஸ்’ அல்லது ‘வாஸ்’ வைத்துப் பாருங்கள். ‘ஷீ லுக்டு ஆங்ரி’ என்பதில் ‘வாஸ்’ பொருந்துகிறது. ‘ஷீ லுக்டு ஆங்ரிலி அட் ஹிம்’ என்பதில் அவள் அவனைப் பார்ப்பது ஒரு செயல், ஆதலால் அங்கே ‘வாஸ்’ பொருந்தாது, ‘லி’ வேண்டும்.