சீனாவில் கூகுள், வாட்ஸ்அப் எதுவும் ஓடாதாமே? அங்கிருந்து சரக்கு எடுப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

என் அனுபவத்தைச் சொல்கிறேன். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் எல்இடி டிரைவர் (எல்இடி விளக்குக்கு மின்சாரத்தைச் சீராகக் கொடுக்கும் பாகம்), பவர் சப்ளை மொத்த வியாபாரம் செய்கிறேன். மெட்டீரியல் பெரும்பாலும் சீனாவின் ஷென்ஜென் பக்கத்திலிருந்துதான் வருகிறது.

முதலில் ஒன்று. தடை அங்கே மட்டும் இல்லை. ஃபேஸ்புக், ட்விட்டர், யூடியூப் மூன்றும் 2009இலிருந்து அங்கே கிடையாது. 2014 கடைசியில் ஜிமெயில் நின்றது, 2017இல் வாட்ஸ்அப். இந்தப் பக்கம், 2020 ஜூன் 29 அன்று நம் அரசு தடை செய்த 59 செயலிகளில் வீசாட் என்ற சீன அரட்டைச் செயலியும் ஒன்று. சீனாக்காரர் வியாபாரம் பேசுவது முழுக்க வீசாட்டில், நாம் பேசுவது வாட்ஸ்அப்பில். எதிரெதிர் வீடு, இரண்டு கதவும் சாத்தியிருக்கிறது.

அங்குள்ள ஏற்றுமதிக் கம்பெனிகளின் சேல்ஸ் ஆட்கள் பலர் விபிஎன் (வேறு நாட்டு சர்வர் வழியாகப் போய்த் தடையைத் தாண்டும் வசதி) போட்டு வாட்ஸ்அப் வைத்திருக்கிறார்கள். அது அறுந்தால் பதில் மறுநாள்தான் வரும். ஆள் ஏமாற்றுகிறார் என்று உடனே பதற வேண்டாம். நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். நாம் ஒன்பதரைக்குக் கடை திறந்து மெசேஜ் போட்டால் அங்கே மதியச் சாப்பாட்டு நேரம்.

அதனால் அரட்டைக்கு எந்தச் செயலியை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். விலை, ஸ்பெசிஃபிகேஷன், புரொஃபார்மா இன்வாய்ஸ் (சரக்கு அனுப்பும் முன் தரும் முன்பில்) மூன்றும் மெயிலில் மட்டும். கூகுள் டிரைவ் லிங்க், யூடியூப் வீடியோ அனுப்பினால் அவர்களுக்குத் திறக்காது. டிராயிங்கை பிடிஎஃப் ஆக்கி மெயிலிலேயே இணைத்துவிடுங்கள். அவர்கள் 163, க்யூக்யூ என்ற சீன மெயில் சேவைகளின் முகவரியிலிருந்து அனுப்புவது நம் ஸ்பாமில் போய் விழும், தினமும் ஒரு தடவை பாருங்கள்.

நேரில் போகும்போது உள்ளூர் சிம்மை மட்டும் நம்பாமல் நம்மூர் சிம்மில் ரோமிங் போட்டுக்கொண்டு போங்கள். ரோமிங் டேட்டா அங்குள்ள டவரைத் தொட்டாலும் பொதுவாக நம் கம்பெனி நெட்வொர்க்குக்கு வந்துதான் இன்டர்நெட்டுக்குள் போகிறது. ஆகவே வாட்ஸ்அப், ஜிமெயில் ஓடும். அதே போனை ஓட்டல் வைஃபையில் போட்டால் நின்றுவிடும். தடை என்று அறிவிப்பு எதுவும் வராது, பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். பேங்க் ஓடிபி வருவதும் அந்தச் சிம்மில்தான், கழற்றி வைத்துவிடாதீர்கள். கூகுள் டிரான்ஸ்லேட்டில் சீன மொழியை இங்கேயே ஆஃப்லைனாக இறக்கிக்கொள்ளுங்கள். கூகுள் மேப் திறந்தாலும் அங்கே புள்ளி சில நூறு மீட்டர் தள்ளிக் காட்டும், ஐபோன் என்றால் ஆப்பிள் மேப் சரியாக இருக்கும். ஓட்டல், ஃபேக்டரி முகவரிகளைச் சீன எழுத்தில் அச்சடித்துச் சட்டைப் பையில் வைத்திருங்கள்.

விபிஎன் பற்றி நிறையப் பேர் கேட்பீர்கள். அரசு அனுமதி இல்லாத விபிஎன் அங்கே சட்டப்படி செல்லாது. 2017இல் ஆப்பிளே தன் சீன ஆப் ஸ்டோரிலிருந்து அவற்றை எடுத்துவிட்டது. வெளிநாட்டுக்காரரைக் கண்டுகொள்ள மாட்டார்கள் என்பார்கள். வேற்று நாட்டில் அந்தப் பேச்சை நம்பி வியாபாரத்தை நடத்துவது சரியில்லை என்பது என் கருத்து.

எனக்கு உண்மையில் கவலை தருவது பணம். இப்படி நாலு வழியில் பேச்சு சிதறிக் கிடப்பதுதான் திருடனுக்கு வசதி. யாருடைய மெயிலையோ உடைத்து உள்ளே புகுந்து, வாரக்கணக்கில் படித்துவிட்டு, 30 சதவீத அட்வான்ஸ் போக மீதி 70 அனுப்பும் நேரம் பார்த்து, ‘ஆடிட் நடக்கிறது, இனி இந்தக் கணக்கில் போடுங்கள்’ என்று இன்வாய்ஸ் வரும். லோகோ, சீல், கையெழுத்து எல்லாம் அசலாகவே இருக்கும். ஒரே ஒரு எழுத்துதான் மெயில் முகவரியில் மாறியிருக்கும். எதிர்ப் பக்கத்தில் வாட்ஸ்அப் கிடைக்காத நாளாகப் பார்த்து வந்தால் கேட்டு உறுதி செய்யவும் வழி இருக்காது.

எனவே முதல் ஆர்டரிலேயே அவர்களுடைய ஆபீஸ் லேண்ட்லைன் எண்ணை வாங்கி வையுங்கள். சாதாரண ஐஎஸ்டி காலை எந்தத் தடையும் நிறுத்தாது. கணக்கு மாறியது என்று வந்தால், அந்த மெயிலில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு இந்தப் பழைய எண்ணுக்குப் பேசுங்கள். பேங்க் வழியாகப் பணம் போய்ச் சேர்ந்துவிட்டால் திரும்ப வாங்குவது மிகக் கடினம். கணக்கின் பெயரும் இன்வாய்ஸில் உள்ள கம்பெனிப் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். தனி ஆள் பெயரில் கணக்கு கொடுத்தால், ஆர்டரே கைவிட்டுப் போனாலும் பரவாயில்லை, அனுப்பாதீர்கள்.