லண்டனில் டெடிங்டன் – ரிச்மண்ட் இடையே தேம்ஸில் கயாக் விட எங்கே இறங்கலாம்? ஓதம் (கடல் நீரால் ஆறு ஏறி இறங்குவது) பார்த்துத்தான் போக வேண்டுமா?

கேட்டவர் தந்திருக்கும் விவரம் இது: வீடு நியூ மோல்டனில். இருவர் உட்காரும் காற்றடைக்கும் கயாக் வாங்கியிருக்கிறார். இதுவரை ஏரியில்தான் ஓட்டிய பழக்கம். நீச்சல் தெரியும். எட்டு வயது மகளையும் கூட்டிப்போக ஆசை.

இடத்தேர்வு சரிதான். லண்டனுக்குள் ஓத ஆற்றில் பழக இதைவிடச் சாதுவான துண்டு கிடையாது. ஆனால் "எங்கே இறங்கலாம்" என்பதோடு "எத்தனை மணிக்கு" என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் இங்கே பதில் சொல்ல முடியும். காலையில் செருப்புகூட நனையாமல் நின்ற துறையில் சாயங்காலம் கார் சக்கரம் முழுகி நிற்கும்.

முதலில் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். கடல் ஓதம் வந்து நிற்கும் கடைசி இடம் டெடிங்டன் லாக் (நீர்மட்டம் மாறும் இடத்தில் படகுகளை ஏற்றி இறக்கும் கதவடைப்பு). அதற்குச் சற்றுக் கீழே, டெடிங்டனுக்கு எதிரே உள்ள ஹாம் பக்கக் கரையில் 1909இல் நட்ட எல்லைக்கல் ஒன்று இருக்கிறது. அதற்குக் கீழே ஆறு போர்ட் ஆஃப் லண்டன் அதாரிட்டியின் பொறுப்பு, சுருக்கமாக பிஎல்ஏ. மேலே என்விரான்மென்ட் ஏஜென்சியின் பொறுப்பு. உங்களுக்குப் பக்கமான கிங்ஸ்டன் மேலே வருகிறது, அங்கே ஓதம் கிடையாது. ஆனால் கயாக்குக்குப் பதிவு வேண்டும். பேடில் யூகே என்ற துடுப்புப் படகோட்டிகள் அமைப்பில் உறுப்பினர் ஆகிவிட்டால் அதிலேயே அடங்கிவிடும். எல்லைக்கல்லுக்குக் கீழே துடுப்புப் படகுக்கு உரிமம் தேவையில்லை. ஒரே ஆறுதானே என்று கிங்ஸ்டனில் பதிவில்லாமல் இறங்கிவிடாதீர்கள்.

இனி ரிச்மண்ட் லாக். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். 1894இல் திறந்தது. மேலே நடைபாலம், அதிலிருந்து தொங்கும் மூன்று பெரிய இரும்பு மதகுகள், ஓரத்தில் படகுகளுக்கான லாக். அதற்கு முன்பு, ஓதம் வடிந்தால் ட்விக்கனம் பக்கம் ஆறு வெறும் சேறும் ஓடையுமாகக் கிடக்கும். இப்போது ஓதம் பாதி அளவுக்கு வடிந்ததும் மதகை இறக்கிவிடுகிறார்கள். அதற்குமேல் நீர்மட்டம் இறங்காது. அடுத்த ஓதம் கீழிருந்து ஏறி அதே மட்டத்தைத் தொடும்போது மதகு மேலே போகிறது. தோராயமாக, உயர் ஓதத்துக்கு 2 மணி நேரம் முன்பிலிருந்து 2 மணி நேரம் பின்பு வரை திறந்திருக்கும். மற்ற நேரம் மூடல்.

ஆக டெடிங்டனுக்கும் ரிச்மண்ட் லாக்குக்கும் நடுவே உள்ள சுமார் 5 கிலோமீட்டர், நாளின் பெரும்பகுதி ஒரு நீளமான குளம் போலத்தான் இருக்கிறது. மேலிருந்து வரும் ஆற்று நீரின் மெல்லிய இழுப்பு மட்டும் இருக்கும். ஏரியில் பழகியவருக்கு இந்த நேரம்தான் ஏற்றது. ஓதம் ஓடும் அந்த 4 மணி நேரத்தை முதல் சில தடவை விட்டுவிடுங்கள்.

நேரம் கணக்கிடுவது சுலபம். பிஎல்ஏ தளத்தில் ஓத அட்டவணை உண்டு, ரிச்மண்டுக்கே தனியாகவும் பார்க்கலாம். லண்டன் பிரிட்ஜ் நேரம்தான் கையில் கிடைத்தது என்றால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். பலர் சறுக்குவது இங்கே: சில அட்டவணைகள் வருடம் முழுக்க ஜிஎம்டியில் (கோடை நேர மாற்றம் சேராத கிரீனிச் நேரம்) இருக்கும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அதோடு இன்னொரு மணி நேரம் கூட்ட வேண்டும். இதை மறந்தால் குளம் என்று நினைத்து இறங்குவீர்கள், ஆறு உங்களை இழுத்துக்கொண்டு போகும்.

உதாரணத்துக்கு, லண்டன் பிரிட்ஜில் கோடை நேரப்படி காலை 9க்கு உயர் ஓதம் என்றால் ரிச்மண்டில் 10. மதகு 8 முதல் 12 வரை திறந்திருக்கும். 12:30க்குப் படகை இறக்கினால் இரவு 8 மணி வாக்கில் மறுபடி திறக்கும்வரை மட்டம் அசையாது.

வீட்டில் நாள்காட்டி தொங்கினால் அட்டவணையைத் திறக்காமலே பாதி விஷயம் தெரிந்துவிடும். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில் பெரிய ஓதம். அஷ்டமி, நவமியை ஒட்டிச் சின்ன ஓதம். அதோடு, ஒரே ஊரில் பெரிய ஓதம் எப்போதும் ஏறக்குறைய ஒரே மணிக்குத்தான் உச்சத்துக்கு வரும். ரிச்மண்டில் அது பிற்பகல் 3 முதல் 5 மணி வாக்கில் (பின்னிரவிலும் அதே மணிக்கு ஒன்று). சின்ன ஓதம் காலை 9 முதல் 11க்குள். ஆகவே அமாவாசை, பௌர்ணமி வாரம் என்றால் காலையில் இறங்கி மதியத்துக்குள் கரையேறிவிடுங்கள். அஷ்டமி வாரம் என்றால் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நிதானமாகப் போகலாம். துல்லிய நேரத்துக்கு அட்டவணைதான்.

துறைகளுக்கு வருவோம். நான் முதலில் சொல்வது ஹாம் ஸ்ட்ரீட் கடைசியில், ஹாம் ஹவுஸ் பக்கத்தில் உள்ள கார் நிறுத்துமிடம். ஆற்றை ஒட்டியே இருக்கிறது, சரிவுத்தளமும் அங்கேயே. காரிலிருந்து படகைத் தூக்கி நாலு எட்டு வைத்தால் தண்ணீர். கீழ்நோக்கி ரிச்மண்ட் பாலம் சுமார் 2 கிலோமீட்டர், மேல்நோக்கி டெடிங்டன் லாக் அதைவிடக் கொஞ்சம் அதிகம். எந்தப் பக்கம் போனாலும் களைப்பு வந்தால் திரும்பிவிடலாம். ஒரே தொல்லை, பெரிய ஓதத்தில் அந்த நிறுத்துமிடமே தண்ணீருக்குள் போகும். எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள், அதையும் தாண்டி மாட்டுபவர்கள் உண்டு. காரை நிறுத்துமுன் தார்த்தரையைப் பாருங்கள்: சுள்ளி, நாணல் துண்டு, பிளாஸ்டிக் மூடி எல்லாம் ஒரு கோடாக ஒதுங்கிக் கிடக்கும். கடைசி ஓதம் அதுவரை வந்திருக்கிறது. காய்ந்த கோடு என்றால் சில நாள் பழசு, ஈரமாக இருந்தால் இன்றைக்கு அல்லது நேற்றைக்கு வந்தது. கோட்டுக்கு நன்றாக மேலே நிறுத்துங்கள்.

எதிர்க்கரையில் ட்விக்கனம் எம்பாங்க்மென்ட். ஈல் பை தீவுக்கு நேர் எதிரே சரிவுத்தளம் இருக்கிறது. அந்தச் சாலையும் பெரிய ஓதத்தில் நனையும். தீவில் படகுப் பட்டறைகள் இருப்பதால் சரிவை அடைத்துக்கொண்டு கயாக்குக்குக் காற்றடிக்காதீர்கள். மேலே புல்லில் அடித்து, தூக்கிக்கொண்டு இறங்குங்கள். தீவுக்கும் ட்விக்கனத்துக்கும் நடுவிலுள்ள கால்வாய் ஒடுக்கமானது, இருபுறமும் கட்டிவைத்த படகுகள். முதல்தடவை தீவைச் சுற்ற வேண்டாம், ஹாம் பக்க அகல வழியே போதும்.

ரயிலில் வருவதானால் ரிச்மண்ட். நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் வாட்டர் லேன். கல் பாவிய சரிவு நேரே ஆற்றில் இறங்குகிறது. வெயில் நாள் சனி, ஞாயிறு அங்கே கால்வைக்க இடமிருக்காது, அதிகாலைக்கு மட்டும் சொல்வேன். ஒருவழியாக ஹாமிலிருந்து ரிச்மண்டுக்கு வந்து இறங்கினால் படகை மடித்துப் பையில் போட்டு 65 அல்லது 371 பேருந்தில் திரும்பலாம். ஹாமில் பேருந்துச் சாலையிலிருந்து ஆற்றுக்கு ஒரு பதினைந்து நிமிட நடை உண்டு. பதினைந்து கிலோ பையோடு அது சின்ன தூரமில்லை.

ஐல்வர்த் தேவாலயம் பக்கமும் ஆற்றில் இறங்க வழி இருக்கிறது, பார்க்க அழகு. ஆனால் அது ரிச்மண்ட் லாக்குக்குக் கீழே. மதகின் காப்பு இல்லை. வடிந்தால் முழங்கால் சேறு, பெரிய ஓதத்தில் நல்ல வேகம். மாக்டன் கழிவுநீர் ஆலை சுத்திகரித்த நீரை விடுவதும் ஐல்வர்த் தீவருகேதான். இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

இறங்கும் முறை. சரிவின் கீழ்ப்பகுதியில் பச்சைப் பாசி இருக்கும், வழுக்கும். ஃப்ளிப் ஃப்ளாப் போட்டு வராதீர்கள், உடைந்த கண்ணாடியும் உண்டு. பழைய ஓடுஷூ போதும். படகு தண்ணீரில் முழுக்க மிதந்தபின் ஏறுங்கள். கரையில் பாதியும் நீரில் பாதியுமாக வைத்து ஏறினால் அடியில் பின்னால் மாட்டும் செதில் (ஸ்கெக், படகை நேராக ஓட வைப்பது) வளைந்து போகும். பிறகு படகு ஒரு பக்கமாகவே ஓடும். மூக்கை நீரோட்டத்துக்கு எதிராக, கரைக்கு இணையாக நிறுத்துங்கள். முதலில் இருக்கையில் உட்காருங்கள், பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே. கரையேறும்போதும் மூக்கு எதிரோட்டத்தில். ஓட்டத்தோடு வந்து சரிவைப் பிடிக்கப் பார்த்தால் தாண்டிவிடுவீர்கள்.

காற்றின் அளவு வால்வுக்குப் பக்கத்தில் அச்சடித்திருக்கும், அதை மீறாதீர்கள். வெயிலில் அடித்த காற்று குளிர்ந்த நீரில் பட்டதும் சுருங்கும். இறக்கி ஐந்து நிமிடம் மிதக்கவிட்டு, தொய்ந்திருந்தால் மறுபடி இரண்டு அடி அடியுங்கள். இடைவேளைக்குக் கரையில் ஏற்றிவைத்தால் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள். வெயிலில் தையல் பிரிவது அப்படித்தான். கனமானவர் பின்னிருக்கை, மூக்கு அமிழ்ந்தால் திருப்ப முடியாது.

கீழ்நோக்கிப் போனால் ரிச்மண்ட் பாலம், அடுத்து ரயில் பாலம், பிறகு ட்விக்கனம் பாலம், அதன்பின் மதகு. ரயில் பாலம் வந்ததும் திரும்புங்கள். மதகு இறங்கியிருக்கும்போது அது ஒரு தடுப்பணை, பக்கத்தில் போக எந்தக் காரணமும் இல்லை. பாலத்தின் கண்ணில் மூன்று சிவப்பு வட்டுகள் தலைகீழ் முக்கோணமாகத் தொங்கினால் அந்த வழி மூடல். ஓதம் ஏறும் தேம்ஸ் முழுக்க இதே அடையாளம். மேல்நோக்கிப் போனால் எல்லைக்கல்தான் உங்கள் கோடு. டெடிங்டன் தடுப்பணையின் நுரைக்குள் தேர்ந்தவர்கள் விளையாடுவதைப் பார்க்கலாம், பார்ப்பதோடு நிறுத்துங்கள்.

இந்த ஆற்றில் உண்மையான ஆபத்து அலை அல்ல, கட்டிவைத்த படகுகள். ஓடும் நீர் அவற்றின் அடியில் புகுந்து போகிறது. நீங்கள் பக்கவாட்டில் போய் மோதினால் பயத்தில் உடம்பு எதிர்ப்புறம் சாயும், நீர் ஓடிவரும் பக்கத்து விளிம்பு அமிழும், கயாக் கவிழ்ந்து உங்களை அடியில் இழுக்கும். மோதப் போகிறோம் என்று தெரிந்தால் மோதும் பொருளின் பக்கமே சாய்ந்து, கையால் அணைத்துப் பிடித்து, அதன் ஓரமாக நகர்ந்து வெளியே வாருங்கள். உடம்பு கேட்காது, ஆகவே கரையோரம் சும்மா மிதக்கும்போது சாய்ந்து பழகுங்கள். மிதவை, பாலத்தூண் எல்லாவற்றுக்கும் இதே விதி. படகில் நீண்ட கயிறு தொங்கவிடாதீர்கள்.

ஆற்றில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். ரோயிங் படகுக்காரர்கள் முதுகு காட்டி வருவார்கள், உங்களைப் பார்க்கவே மாட்டார்கள், சத்தமாக "அஹெட்!" என்று கத்துவது இங்கே மரியாதைக் குறைவில்லை. ஹாம் ஹவுஸுக்கும் மார்பிள் ஹில்லுக்கும் இடையே ஒரு சின்னப் படகு ஆள் ஏற்றிக் குறுக்கே போகும், அதற்குப் பின்னால் கடந்து போங்கள். கோடையில் பயணிகள் படகு வந்தால் அதன் அலைக்கு மூக்கைக் காட்டுங்கள்.

போக வேண்டாத நாட்களும் உண்டு. மழைக்குப்பின் பிஎல்ஏ தளத்தில் வற்றோட்ட (ஓதம் வடியும்போது ஓடும் நீர்) எச்சரிக்கைக் கொடியைப் பாருங்கள். மஞ்சள் என்றாலே காற்றடைத்த கயாக்குக்கு விடுமுறை, சிவப்பு என்றால் யாருக்கும். பெருமழை கழிந்து ஓரிரு நாள் கழிவுநீரும் ஆற்றில் கலந்திருக்கும். அந்தக் கழிவுநீரை ஆற்றில் கலக்காமல் பிடிக்க 2025இல் முழுதாக இயங்கத் தொடங்கிய டைட்வே சுரங்கம் ஆக்டனில்தான் ஆரம்பிக்கிறது, இந்தப் பகுதி அதற்கு மேலே. கையில் வெட்டுக்காயம் இருந்தால் ஒட்டி மூடுங்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். காற்றும் முக்கியம். இங்கே அதிகம் வீசுவது தென்மேற்குக் காற்று. ஹாமிலிருந்து ரிச்மண்டுக்குத் தள்ளிவிடும், திரும்பும்போது அழ வைக்கும். மணிக்கு 12 மைலுக்கு மேல் என்றால் முதலில் மேல்நோக்கிப் போய், திரும்பும் வழியைச் சுலபமாக்கிக்கொள்ளுங்கள். இலையுதிர் காலத்தில் சில வாரம் பராமரிப்புக்காக மதகுகளைத் தூக்கியே வைப்பார்கள். அப்போது நான் சொன்ன குளக் கணக்கு எதுவும் செல்லாது. ஓதம் வடிந்தால் ட்விக்கனத்தில் ஆற்றுப் படுகையே தெரியும். தேதியை பிஎல்ஏ அறிவிப்பில் போடுவார்கள்.

மகளைப் பற்றி. கூட்டிப்போகலாம், ஆனால் நீங்களும் இன்னொரு பெரியவரும் ஹாமிலிருந்து டெடிங்டன் எல்லைக்கல் வரை போய்த் திரும்பி, ஒருமுறையாவது ஆழமில்லாத இடத்தில் வேண்டுமென்றே கவிழ்ந்து மறுபடி ஏறிப் பார்த்தபிறகு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டும். ஏப்ரலில் வெயில் சுள்ளென்று அடித்தாலும் தண்ணீர் 10 டிகிரி வாக்கில்தான் இருக்கும். விழுந்த முதல் நிமிடத்தில் மூச்சு கட்டுக்குள் வராது. அவள் எடைக்குரிய மிதவை அங்கி வாங்குங்கள், வளர்ந்து போடுவாள் என்று பெரிதாக வாங்காதீர்கள். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது அவளுக்கு உதவாது. கால்கவட்டைப் பட்டை உள்ளதைக் கேளுங்கள். அவளை முன்னிருக்கையில் வையுங்கள், உங்கள் கண்முன் இருப்பாள். கைபேசி தண்ணீர் புகாத உறையில் உங்கள் உடம்பில் இருக்கட்டும், படகில் அல்ல. ஏதாவது ஆனால் 999 அழைத்து கோஸ்ட்கார்ட் (கடலோர மீட்புப் பணியினர்) என்று கேளுங்கள். கடல் இல்லாத இடத்தில் எதற்கு என்று தயங்க வேண்டாம், ஓத ஆறு அவர்கள் பொறுப்பு. டெடிங்டனில் 2002 முதல் ஆர்என்எல்ஐ என்ற உயிர்காப்புத் தொண்டு அமைப்பின் மீட்புப்படகு நிலையமும் இருக்கிறது. முதல் பயணத்துக்கு ஹாமிலிருந்து ரிச்மண்ட் பாலம்வரை போய்த் திரும்ப, வேடிக்கை பார்ப்பதையும் சேர்த்து, ஒன்றரை மணி நேரம் வையுங்கள்.