‘சின்ன மாற்றம்தான், சைன் பண்ணி அனுப்புங்கோ’

அன்புள்ள அண்ணா,

வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். ஒரு விளம்பர நிறுவனத்துடன் ஒரு வருட ஒப்பந்தம். இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. பில் கொடுத்துப் பதினைந்து நாளில் காசு வரும். போன கிழமை புதிய ஒப்பந்தம் ஒன்றை அனுப்பி, “சின்ன மாற்றம்தான், வெள்ளிக்கிழமைக்குள் சைன் பண்ணி அனுப்புங்கோ” என்கிறார்கள். காசு இனி அறுபது நாளில். திருத்தம் எத்தனை தடவை கேட்டாலும் இலவசம். வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது. மறுத்தால் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

வெள்ளிக்கிழமை அவர்கள் வைத்த கெடு. உங்கள் கையிலுள்ள ஒப்பந்தம் அன்றைக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். முதலில் அதை எடுத்து, எத்தனை நாள் அறிவித்தல் கொடுத்து முடிக்கலாம் என்று இருக்கிறதெனப் பாருங்கள். முப்பது நாள் என்றிருந்தால் உங்கள் பலமும் அந்த முப்பது நாள்தான். ஐந்து மாதத்தை நம்ப வேண்டாம்.

அதுவரை வட்ஸ்அப்பில் ‘சரி’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். நான் போட்டிருக்கிறேன். 100ஆம் நம்பர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு, ஒரு கொம்பனி அனுப்பிய புதிய விலைக்கு “ஓகே, பார்க்கிறேன்” என்று தட்டினேன். நான் சொன்னது ‘பார்க்கிறேன்’. அவர்கள் எடுத்துக்கொண்டது ‘ஓகே’. அடுத்த பில்லில் மூன்றில் ஒரு பங்கைக் காணவில்லை.

ஆங்கிலச் சட்டத்தில் ஒப்பந்தத்தை மாற்றினால் பதிலுக்கு ஏதாவது கிடைத்திருக்க வேண்டும் என்பார்கள். நம் இலங்கையின் ஒப்பந்தங்களுக்கு அடிப்படையான உரோமன்-டச்சுச் சட்டம் அதைக் கேட்பதில்லை. மனமறிந்து சம்மதித்தாலே கட்டுப்படுத்தும். மின்னஞ்சலில்தானே சம்மதித்தேன் என்று தப்பவும் முடியாது, 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் அதையும் செல்லுபடியாக்குகிறது.

மூன்று மாற்றங்களிலும் மோசமானது கடைசி. வேறு யாருக்கும் வேலை செய்யாதே என்பது சம்பளத்துக்கு வைத்த ஆளிடம் சொல்வது. அப்படி வைத்தால் ஊழியர் சேமலாப நிதிக்குச் (EPF) சம்பளத்தில் 12 வீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு (ETF) 3 வீதமும் அவர்கள் கட்ட வேண்டும். அதைக் கட்டாமல் ஆளை மட்டும் கட்டிப்போடப் பார்க்கிறார்கள்.

இப்படி எழுதுங்கள்: “புதிய ஒப்பந்தத்தைப் படித்தேன். தற்போதைய ஒப்பந்தப்படியே வேலையைத் தொடர்கிறேன். இரண்டு திருத்தம் வரை இலவசம், அதற்கு மேல் மணித்தியாலத்துக்கு இவ்வளவு. காசு கொடுக்க முப்பது நாள் தவணை வேண்டுமென்றால் சொல்லுக்கான விலை கூடும். வேறு இடத்தில் வேலை செய்யக் கூடாது என்பதை ஏற்க முடியாது.” ‘மன்னிக்கவும்’ என்று தொடங்க வேண்டாம், அது நம் ஆட்களுக்குக் கைப்பழக்கம்.

அப்புறம், முடித்த வேலைக்கான பில்களை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். கோபித்துக்கொண்டு நிறுத்தினாலும் அந்தக் காசு பழைய கணக்கில்தான் வர வேண்டும். எழுத்தில் உள்ள ஒப்பந்தத்துக்கு 6 வருடத்துக்குள் வழக்குப் போடலாம். வாய்ப்பேச்சு என்றால் காலம் இன்னும் குறைவு. தொகை பெரிதென்றால் புதுக்கடை நீதிமன்றப் பக்கம் ஒரு சட்டத்தரணியிடம் இரண்டு ஒப்பந்தத்தையும் காட்டுங்கள்.

வெள்ளிக்கிழமை என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.