ஓட்டு வாங்காமலே ஜான் மெக்லாய் இவ்வளவு செல்வாக்கு பெற்றது எப்படி?

தேர்தலில் வென்று ஒரு பதவிக்கும் வராத அமெரிக்க வக்கீல் மெக்லாய், போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் எப்படி இவ்வளவு பெரிய ஆளானார் என்று கேட்டிருக்கிறீர்கள். வக்கீல் தொழிலில் சம்பாதித்த நம்பிக்கைதான் அடிப்படை என்பேன்.

1895இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட, அம்மா சிகை அலங்கார வேலை செய்து படிக்க வைத்தார். ஹார்வர்டில் சட்டம் படித்து நியூயார்க்கில் வக்கீலானார். 1916இல் நியூயார்க் துறைமுகப் பகுதியில் பிளாக் டாம் வெடிமருந்துக் கிடங்கு வெடித்ததே, அது ஜெர்மனியின் நாசவேலை என்று நிரூபிக்க ஆண்டுக்கணக்கில் உழைத்தார்; 1939இல் தீர்ப்பும் சாதகமாக வந்தது. இந்த அனுபவத்துக்காகவே போர்த்துறை அமைச்சர் ஸ்டிம்சன் அவரை அழைத்துக்கொண்டார். 1941இல் உதவி அமைச்சர்.

1947இல் உலக வங்கித் தலைவர். கடன் பத்திரம் விற்றுத்தான் அந்த வங்கி பணம் திரட்டியாக வேண்டும். வாங்க வேண்டியது நியூயார்க்கின் நிதி உலகமான வால் ஸ்ட்ரீட். அங்கே மெக்லாய் சொன்னால் எடுபடும். முதல் கடனாக பிரான்ஸுக்கு 25 கோடி டாலர் போனது. அடுத்து 1949 முதல் 1952 வரை மேற்கு ஜெர்மனியில் அமெரிக்க உயர் ஆணையர். அப்புறம் சேஸ் வங்கித் தலைவர், கென்னடி கொலையை விசாரித்த வாரன் கமிஷன் உறுப்பினர்.

பதவிப் பட்டியலோடு நிறுத்திவிட எனக்கு மனம் வரவில்லை. 1942இல் அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை முகாம்களில் அடைத்ததை போர்த்துறையில் முன்னின்று நடத்தியவர் இவர். 1944 ஜூலையில், யூதர்களை ஜெர்மன் நாஜிகள் விஷவாயுவால் கொன்றுகொண்டிருந்த அவுஷ்விட்ஸ் முகாமுக்குப் போகும் ரயில் பாதைகளில் குண்டு போடச் சொல்லி வந்த கோரிக்கையை, விமானங்களை வேறு போர்முனைகளிலிருந்து திருப்ப வேண்டியிருக்கும், நடைமுறைக்கு ஒத்துவராது என்று மறுத்துக் கடிதம் எழுதினார். அடுத்த மாதமே, விஷவாயு அறைகளுக்கு எட்டு கிலோமீட்டருக்குள் இருந்த தொழிற்சாலைமீது அமெரிக்க விமானங்கள் குண்டு வீசின. 1945இலோ, ரோதன்பர்க் என்ற பழமையான ஜெர்மன் ஊரைப் பீரங்கியால் தாக்க வேண்டாம் என்று தளபதியிடம் சொல்லித் தடுத்தார். அந்த ஊரின் அழகு அவருக்குத் தெரிந்திருந்தது. நல்ல காரியம்தான். ஆனால் ஓர் ஊருக்காகப் பேச முடிந்தவர், அந்த ரயில்களில் ஏற்றப்பட்டவர்களுக்காகவும் இன்னும் கொஞ்சம் முயன்றிருக்கலாம்.

உயர் ஆணையராக இருந்த 1951இல், அடிமை உழைப்புக் குற்றத்துக்காகச் சிறையிலிருந்த ஆயுத முதலாளி ஆல்ஃபிரட் குருப்பை விடுவித்து, பறிமுதலான சொத்தையும் திருப்பித் தர உத்தரவிட்டதும் இவரே. பனிப்போருக்கு ஜெர்மனியின் தயவு தேவைப்பட்ட நேரம் அது என்பார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை.